அரபு நாட்டு நோய் ஆய்வுகளைப் படிப்பது எப்படி: வளைகுடா போகிறவர்களுக்கும் இங்கே லேபில் இருப்பவர்களுக்கும்

பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் எங்கள் லேபுக்கு வந்தார். இரண்டு மாதமாகக் காய்ச்சல். காலையில் நன்றாக இருப்பார், சாயங்காலம் ஆனால் உடம்பு கொதிக்கும், ராத்திரி பனியனைப் பிழிகிற அளவுக்கு வியர்க்கும், இடுப்பு வலியில் குனிந்து செருப்பு மாட்ட முடியாது. கையில் ஒரு துணிக்கடைக் கவர். அதற்குள் மூன்று விடால் (டைபாய்டு டெஸ்ட்) ரிப்போர்ட், இரண்டு டெங்கு ரிப்போர்ட், ஒரு எலிக்காய்ச்சல் ரிப்போர்ட். டைபாய்டு என்று சொல்லி இரண்டு கோர்ஸ் மாத்திரை முடித்துவிட்டார். ரத்தம் எடுக்கும்போது பேச்சுக் கொடுத்தேன். சவுதியில் ஆட்டு மஸ்ராவில் (பண்ணையில்) நாலு வருஷம் இருந்தாராம், ஊருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம்.

"அங்க பால் எப்படிண்ணே குடிப்பீங்க?"

"கறந்த கையோட, நுரையோடதான் தம்பி. பாலைவனத்துல அடுப்பு பத்த வச்சுக் காய்ச்ச யாருக்கு நேரம் இருக்கு?"

டாக்டருக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவரும் உடனே, கால்நடைகளின் பச்சைப் பால் வழியாக வரும் ப்ரூசெல்லா கிருமிக்கு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். டைட்டர், அதாவது ரத்தத்தை எவ்வளவு நீர்த்த பிறகும் ஆன்டிபாடி தெரிகிறது என்ற அளவு, 1:1280 வந்தது, நன்றாகவே பாசிட்டிவ். ஆறு வாரம் இரண்டு மருந்து சேர்த்துச் சாப்பிட்டார், ஆள் தேறிவிட்டார். அந்த ஒரு கேள்வியை யாராவது இரண்டு மாதம் முன்னால் கேட்டிருந்தால் அவர் அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டியதில்லை.

அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், சவுதியில் மைக்ரோபயாலஜி லேபில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தபோது அந்த ஊர் நோய்கள் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்த பழக்கத்திலிருந்து வந்தது. இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் என்று நம் மாவட்டத்தில் வளைகுடாவுக்குப் போய்வருகிறவர்கள் இல்லாத தெரு குறைவு. கடலூரிலும் புதுச்சேரியிலும் நர்சிங் முடித்த பிள்ளைகள் ரியாத்துக்கும் தோஹாவுக்கும் மஸ்கட்டுக்கும் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நோய்ப் பட்டியலை மனப்பாடம் பண்ணச் சொல்லப்போவதில்லை. ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால் அதில் யாரை எண்ணினார்கள், எங்கே எண்ணினார்கள், எதை வைத்து எண்ணினார்கள் என்று பார்த்து, கடைசியில் நோயாளியிடம் கேட்க ஒரு கேள்வியோடு எழுந்து வரவேண்டும். அது எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன்.

தேடும்போதே 'அரபு' என்று தேடாதீர்கள்

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளம் இலவசம், போனிலேயே திறக்கும். முழுக் கட்டுரையும் இலவசமாகக் கிடைப்பதை மட்டும் காட்டச் சொல்லி வடிகட்டிக்கொள்ளலாம். சவுதியிலிருந்தும் மற்ற அரபு நாடுகளிலிருந்தும் வரும் பல மருத்துவ இதழ்களைக் காசில்லாமல் படிக்க முடியும். ஆனால் தேடும் இடத்தில் 'அரபு நோயாளிகள்' என்று போட்டால் மொராக்கோவில் ஆரம்பித்து ஓமன் வரைக்கும் எல்லாம் கலந்து கொட்டும். அரபு லீக்கில் மட்டும் 22 நாடுகள். மொராக்கோ மலைக்காரரும் எகிப்தில் நைல் கரை விவசாயியும் ஏமன் மீனவரும் குவைத் நகரவாசியும் பேசுவது அரபிதான், ஆனால் குடிக்கிற தண்ணீர் வேறு, கடிக்கிற பூச்சி வேறு, கையில் இருக்கிற காசு வேறு. நோய் மொழியைப் பார்த்து வருவதில்லை.

அதனால் நோயின் பெயர், அப்புறம் நாட்டின் பெயர், முடிந்தால் ஊரின் பெயர். ரியாத், ஜித்தா, அல்-அஹ்ஸா, ஜிஸான், பஸ்ரா, அலெப்போ என்று ஊரைப் போட்டுத் தேடினால் உங்களுக்கு வேண்டியது சீக்கிரம் கையில் வரும். நீங்கள் வேலைக்குப் போகிற ஊர் எது என்று தெரிந்தால் அந்த ஊரிலிருந்தே ஆரம்பியுங்கள்.

இன்னொரு இடத்திலும் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 'கிழக்கு மத்திய தரைக்கடல் பகுதி' என்ற கணக்கை அப்படியே அரபு நாடுகளின் கணக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதில் பாகிஸ்தானும் ஈரானும் ஆப்கானிஸ்தானும் இருக்கின்றன, அவை அரபு நாடுகள் இல்லை. அரபு நாடான அல்ஜீரியா அதில் இல்லை, அது ஆப்பிரிக்கப் பகுதியில் வருகிறது. பாகிஸ்தானின் ஜனத்தொகை எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள், அது ஒன்றே அந்தப் பகுதியின் சராசரியை இழுத்துக்கொண்டு போய்விடும்.

தலைப்பையும் சுருக்கத்தையும் நம்பி நிற்காமல் ஆய்வு முறைக்குப் போங்கள்

கட்டுரையைத் திறந்ததும் முடிவுரையைப் படிக்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, எந்த ஆஸ்பத்திரி, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, எத்தனை பேர், ஆணா பெண்ணா, எந்த நாட்டுக்காரர் என்று எழுதியிருக்கிற பகுதிக்கு நேராகப் போங்கள். முதல் அட்டவணையை ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். சவுதி ஆய்வுகளில் பெரும்பாலும் 'சவுதி', 'சவுதி அல்லாதோர்' என்று தனித்தனியாகக் காட்டியிருப்பார்கள். அந்த இரண்டாவது வரிசையில் இருப்பது யார்? நம்முடைய ஆட்கள்தான். இந்தியா, பங்களாதேஷ், நேபாளம், பிலிப்பைன்ஸ், எகிப்து, ஏமன், சூடான் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடைபட்டிருக்கும்.

கத்தாரிலும் எமிரேட்ஸிலும் குடியிருப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வெளிநாட்டுக்காரர்கள். கத்தார் ஆஸ்பத்திரி ஒன்றில் காசநோய் பற்றி ஆய்வு வந்தால், அதில் எண்ணப்பட்டவர்களில் பெரும்பகுதி நேபாளம், இந்தியா, பிலிப்பைன்ஸ் என்று வந்த தொழிலாளர்களாக இருப்பார்கள். அதைப் படித்துவிட்டு 'அரபுக்காரர்களுக்குக் காசநோய் இவ்வளவு' என்று ஒருவர் சொன்னால், கத்தார் கணக்கில் பரங்கிப்பேட்டை அண்ணனை எண்ணிவிட்டு அரபுக்காரர் மேல் பழி போடுகிறார் என்று அர்த்தம். போகும்போது மெடிக்கலில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து ஃபிட் வாங்கித்தானே போனார்கள், அப்புறம் எப்படி அங்கே போய் வந்தது என்று கேட்பீர்கள். கிருமி உடம்புக்குள் தூங்கிக்கொண்டிருந்தால் எக்ஸ்ரே சுத்தமாகத்தான் இருக்கும். ஒரே அறையில் பத்துப் பேர் தூக்கம், வெயிலில் வேலை, சாப்பாட்டைக் குறைத்து வீட்டுக்கு அனுப்புகிற காசு, இத்தனையும் சேர்ந்தால் அது எழுந்துவிடும்.

வயதையும் பாருங்கள். எமிரேட்ஸ் மாதிரி நாடுகளில் ஆயிரம் பேருக்கு எத்தனை சாவு என்ற கணக்கு மிகவும் குறைவாக இருக்கும். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் இருபதிலிருந்து ஐம்பது வயதுக்குள் உள்ள வேலைக்காரர்கள், வயதானால் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள் என்பதுதான் அதற்குப் பெரிய காரணம். வயதைச் சரிக்கட்டிக் கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்காமல் நம் ஊர் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

வலையில் விழுந்தது கடல் இல்லை

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்களும் இதில்தான் தவறுகிறார்கள். கடலூர் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்துக்குப் போய் நின்று, கூடையில் என்ன மீன் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அது கடலின் கணக்கா? இல்லை. எந்தப் படகு எவ்வளவு தூரம் போனது, வலைக்கண் எவ்வளவு பெரிசு, எந்த மீனுக்கு விலை இருக்கிறது, இதையெல்லாம் தாண்டி வந்த மீன்தான் கூடையில் கிடக்கிறது. ஆஸ்பத்திரிக் கணக்கும் அப்படித்தான். கோரிமேட்டில் ஜிப்மர் ஓபியில் ஒரு நாள் நின்றால் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலைக்காரர்கள் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று தெரியும், அதுவும் கீழே பார்த்து முடியாமல் அனுப்பப்பட்ட கேஸ்கள். அங்கே எண்ணியதை வைத்து 'புதுச்சேரிக்காரர்களின் நோய்' என்று எழுதினால் நாம் ஒத்துக்கொள்வோமா? ரியாத்தின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து வருகிற கட்டுரையையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

மெர்ஸை, அதாவது 'மத்திய கிழக்கு' என்ற பெயரோடு வரும் மூச்சு நோயை, எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் ஜித்தா ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்த எகிப்திய வைராலஜிஸ்ட் அலி முகமது ஜக்கி, நிமோனியாவோடு வந்து இறந்துபோன நோயாளியின் சளியிலிருந்து இந்தப் புதிய கொரோனா வைரஸைப் பிரித்தார். ஒற்றைத் திமில் ஒட்டகத்திடமிருந்து மனிதருக்கு வருகிறது. பதிவான நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் 35 பேர் இறந்தார்கள். இந்த எண்ணைப் பார்த்ததும் பயந்துவிடாமல் கேளுங்கள்: பதிவானவர்கள் யார்? மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், சிறுநீரக நோயோ சர்க்கரையோ ஏற்கெனவே இருந்தவர்கள் அதில் நிறைய. லேசான இருமலோடு வீட்டில் இருந்து சரியானவர்கள் வலையில் விழவே இல்லை. அதனால் உண்மையான சாவு விகிதம் அதைவிடக் குறைவாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதற்காக அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. 2015-ல் வளைகுடா போய்த் திரும்பிய ஒரே ஒரு பயணியிடமிருந்து தென்கொரியாவில் ஆரம்பித்தது, 186 பேருக்குத் தொற்றி 38 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே பரவியது, கூட்டமான எமர்ஜென்சி, ஒரே வார்டில் நாலைந்து பேர், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் என்று. நர்ஸாகப் போகிற தங்கச்சிகள் மெர்ஸ் கட்டுரைகளில் இந்தப் பகுதியைத்தான் இரண்டு முறை படிக்க வேண்டும். சாவு எண்ணை விட, முதல் நோயாளியிடம் எந்த இடத்தில் கோட்டை விட்டார்கள் என்பதுதான் உங்கள் உயிரைக் காக்கும்.

எந்த டெஸ்ட், எத்தனைக்கு மேல் பாசிட்டிவ்

நாம் லேப்காரர்கள், இதை விடக் கூடாது. ப்ரூசெல்லாவில் ஒரு ஆய்வு 1:80-ஐப் பாசிட்டிவ் என்று எடுத்திருக்கும், இன்னொன்று 1:320-க்கு மேல்தான் எடுத்திருக்கும். தினமும் ஆட்டோடும் ஒட்டகத்தோடும் புழங்குகிறவர்களுக்கு நோய் இல்லாமலேயே கொஞ்சம் ஆன்டிபாடி இருக்கும். முதல் ஆய்வில் அவர்கள் எல்லோரும் நோயாளியாகிவிடுவார்கள், இரண்டாவதில் ஆக மாட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து 'நோய் குறைந்துவிட்டது' என்று சொல்வது தப்பு.

எகிப்தின் ஹெபடைடிஸ் சி கதையை ஒவ்வொரு மருத்துவ மாணவரும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நைல் நதித் தண்ணீரில் நத்தைக்காய்ச்சல் என்கிற ஷிஸ்டோசோமியாசிஸ் நோயைத் தரும் புழு. அதை ஒழிக்க 1950-களிலிருந்து 80-கள் வரை கிராமம் கிராமமாக ஊசி போட்டார்கள். ஒரே ஊசியை சரியாகக் கொதிக்க வைக்காமல் பலருக்குப் போட்டதில் ஹெபடைடிஸ் சி ஒரு தலைமுறைக்கே பரவிவிட்டது. 2008-ல் எடுத்த தேசிய அளவிலான கணக்கெடுப்பில் 15 முதல் 59 வயதுக்குள் உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. நல்லது செய்யப் போன மருத்துவமே கொண்டு வந்த தொற்று அது. இதில் படிக்கிறவர் கவனிக்க வேண்டியது, ஆன்டிபாடி இருப்பதும் இப்போது வைரஸ் இருப்பதும் ஒன்றல்ல. தானாகவே சரியானவருக்கும் மருந்து சாப்பிட்டுக் குணமானவருக்கும் ஆன்டிபாடி காட்டிக்கொண்டேதான் இருக்கும். கட்டுரையில் வைரஸ் இப்போது இருப்பதைக் காட்டும் ஆர்என்ஏ டெஸ்ட் பார்த்தார்களா இல்லையா என்று தேடுங்கள். அப்புறம் வருஷம். 2018 அக்டோபரில் ஆரம்பித்த பிரச்சாரத்தில் எகிப்து சில மாதங்களுக்குள் சுமார் 5 கோடி பேருக்குப் பரிசோதனை செய்து, இருந்தவர்களுக்கு இலவசமாக மாத்திரை கொடுத்தது. 2023-ல் ஹெபடைடிஸ் சி ஒழிப்புப் பாதையில் 'தங்க' நிலையை எட்டிய முதல் நாடு என்று உலக சுகாதார நிறுவனம் எகிப்தை அறிவித்தது. இன்றைக்கும் 2008-ன் எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து எகிப்து நோயாளி என்றாலே ஒதுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நாடு பட்ட பாட்டுக்கும் எழுந்து வந்ததற்கும் அது நியாயமே இல்லை.

மலேரியாவும் அப்படித்தான். எமிரேட்ஸுக்கு 2007-லேயே மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ், எகிப்துக்கு 2024-ல். பழைய கட்டுரையைப் படிக்கலாம், ஆனால் அது எந்த வருஷத்து ரத்தம் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு படியுங்கள்.

ரத்தம், சொந்தம் என்று வரும்போது நிதானம் வேண்டும்

அரபு நோயாளிகள் பற்றிய ஆய்வுகளில் சொந்தத்துக்குள் கல்யாணம் என்ற பேச்சு வராத கட்டுரை குறைவு. தலசீமியா, சிக்கிள் செல், பிறவியிலேயே வரும் வளர்சிதைக் கோளாறுகள் என்று அதற்குக் காரணமும் இருக்கிறது. அதைப் படிக்கும்போது நம் வீட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே சித்தப்பா, பெரியப்பா பெண்ணைக் கட்டுவது வழக்கம். நமக்கு அது பங்காளி முறை, தங்கச்சி, கட்டவே முடியாது. நம் பக்கத்தில் அத்தை மகன், மாமன் மகள், அதைத் தாண்டி சொந்தத் தாய்மாமனையே கட்டுகிற வழக்கமும் இருந்தது, சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. கணக்கின்படி பார்த்தால் முறைப் பிள்ளைகள் கல்யாணத்தில் பிறக்கும் குழந்தைக்குப் பதினாறில் ஒரு பங்கு மரபணு இரு பக்கமும் ஒன்றாக வர வாய்ப்பு, தாய்மாமன் கல்யாணத்தில் எட்டில் ஒரு பங்கு. நம்முடையதுதான் இன்னும் நெருக்கம். ஆகையால் 'அவங்க ஊர்ல எல்லாம் அப்படித்தான்' என்ற தொனியில் யாராவது பேசினால், படித்த நாமாவது அதில் சேரக் கூடாது.

சிக்கிள் செல்லில் இன்னொரு உறவும் இருக்கிறது. சவுதியின் கிழக்குப் பகுதியில், கதீஃபிலும் அல்-அஹ்ஸாவிலும் இருக்கிற சிக்கிள் செல் மரபணுவும் இந்தியாவில் இருப்பதும் ஒரே வகை, பெயரே 'அரபு-இந்திய' வகை என்றுதான். கருவில் இருக்கும்போது உள்ள ஹீமோகுளோபின் பெரியவர்களானபின்னும் கூடுதலாக இருப்பதால் இந்த வகையில் பொதுவாக வலி குறைவு. அதே சவுதியின் தென்மேற்கில், ஜிஸான் பக்கம், இருப்பது ஆப்பிரிக்கப் பக்கத்து வகை, அங்கே நோய் கடுமையாக இருக்கும். ஒரே நாடு, ஒரே பாஸ்போர்ட், இரண்டு விதமான நோய். 2004 முதல் சவுதியில் கல்யாணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை கட்டாயம். கிழக்கே தம்மாமில் வேலை பார்த்தவர் எழுதியதைத் தென்மேற்கே அபஹாவில் வேலை பார்ப்பவர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதோடு சேர்த்து, லெபனான், சிரியா, ஜோர்டான் பக்கத்து நோயாளிக்கு அடிக்கடி வந்து இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும் காய்ச்சலும் வயிற்று வலியும் இருந்தால், ஒவ்வொரு முறையும் கிருமியைத் தேடி ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருக்காமல் மத்திய தரைக்கடல் குடும்பக் காய்ச்சல் என்ற மரபணு நோயை நினையுங்கள். கோல்சிசின் மாத்திரையில் கட்டுப்படும்.

ஏன் என்று எழுதியிருக்கிறதா

எண் மட்டும் இருந்து காரணம் இல்லாத கட்டுரையை நான் பாதி மதிப்புக்குத்தான் எடுத்துக்கொள்வேன். 2000-ல் ஜிஸானிலும் ஏமனிலும் ரிஃப்ட் வேலி காய்ச்சல் வந்தது, ஆப்பிரிக்காவுக்கு வெளியே அதுதான் முதல் முறை. கொசுவும் கால்நடையும் சேர்ந்து கொண்டு வந்த நோய். அதே 2000-ல் ஹஜ்ஜில் டபிள்யூ135 வகை மூளைக்காய்ச்சல் பரவி, யாத்திரீகர்களோடு பல நாடுகளுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் அந்தக் கிருமியின் நாலு வகைக்கும் சேர்ந்த தடுப்பூசி ஹஜ் விசாவுக்குக் கட்டாயமானது. லால்பேட்டையிலிருந்து ஹஜ்ஜுக்குப் போகிற பெரியவர் கையில் போடுகிற ஊசிக்குப் பின்னால் அந்த வருஷம் இருக்கிறது. ஏமனில் காலரா 2017 முடிவதற்குள் பத்து லட்சம் சந்தேகக் கேஸ்களைத் தொட்டது, போரில் தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் ஆஸ்பத்திரியும் உடைந்து போனதால். நம் காரைக்காலில் 2022 ஜூலையில் காலரா வந்து சுகாதார அவசர நிலை அறிவித்தார்களே, அங்கேயும் தண்ணீரைத்தானே பார்த்தார்கள். காரணத்தைப் பிடித்துவிட்டால் நாடு இரண்டாம் பட்சம் ஆகிவிடுகிறது.

ஜித்தாவில் 1990-களில் கண்டுபிடித்த அல்குர்மா வைரஸ், ரத்தக்கசிவுக் காய்ச்சல் தருவது, கர்நாடகத்தில் ஷிமோகா பக்கம் 1957-ல் கண்டுபிடித்த கியாசனூர் காட்டுக் காய்ச்சல் வைரஸுக்கு மிக நெருங்கிய சொந்தம். ஆடு வெட்டுகிற கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பெயர் வைக்கிற விஷயத்திலும் ஒரு வார்த்தை. என்டிஎம் என்ற ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுவுக்கு 'நியூ டெல்லி' என்று பெயர் வைத்திருந்தார்கள், அந்தப் பெயரோடு 2010-ல் வந்த கட்டுரையில் சென்னை மாதிரிகளும் இருந்தன. நம் நாடே கொதித்தது. 'மத்திய கிழக்கு' என்று பெயர் வைத்த நோயைப் பற்றி ஒரு சவுதி நர்ஸிடம் பேசும்போது எனக்கு அது நினைவுக்கு வரும், அவர் முகத்திலும் அதே வலியைப் பார்த்திருக்கிறேன். இனி புது நோய்க்கு ஊர்ப் பெயர் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது நல்ல காரியம். லேபில் இருப்பவர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: நம் ஊரில் கார்பபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குகளுக்கு எதிர்ப்பு என்றால் என்டிஎம் முதலில் நினைவுக்கு வரும், அங்கே ஆக்ஸா-48 என்ற வகையும் நிறைய. அது மருந்தை மெதுவாகத்தான் உடைக்கும், அதனால் லேப் டெஸ்ட் தட்டில் சில நேரம் மருந்து வேலை செய்கிற மாதிரியே காட்டி ஏமாற்றும்.

படித்ததை நோயாளியிடம் கொண்டு போவது

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டுரைக்கு அரைப் பக்கம் போதும். ஊர், வருஷம், யாரை எண்ணினார்கள், என்ன டெஸ்ட், கடைசியாக 'நான் என்ன கேட்க வேண்டும்'. கடைசி வரி காலியாக இருந்தால் அந்தக் கட்டுரையை நீங்கள் இன்னும் படித்து முடிக்கவில்லை.

கேள்வியை அந்த ஊர் வார்த்தையில் கேட்கப் பழகுங்கள். ஹராரா என்றால் காய்ச்சல், ஹலீப் என்றால் பால், ஜமல் ஒட்டகம், கனம் ஆடு. ஆனால் இதிலும் ஊர் பார்க்க வேண்டும். வளைகுடாவில் லபன் என்றால் மோர், கடையில் பாக்கெட்டில் கிடைப்பது. எகிப்தியர் லபன் என்றால் பாலைச் சொல்கிறார். 'லபன் குடித்தேன்' என்று ஒரு எகிப்திய நோயாளி சொன்னதை மோர் என்று எழுதிவிட்டால் கேஸ் கையை விட்டுப் போய்விடும். எங்கே வாங்கினீர்கள், காய்ச்சினீர்களா, யார் கறந்தது என்று இன்னும் இரண்டு கேள்வி போடுங்கள். பச்சைப் பாலில் செய்த வெள்ளைப் பாலாடைக்கட்டியையும் கேளுங்கள், பால் குடிப்பதில்லை என்று சொல்கிறவர் அதைத் தினமும் சாப்பிடுவார்.

ஊரில் இருக்கிற நாம் செய்ய வேண்டியது: நம் பக்கம் காய்ச்சல் என்றால் டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் என்று போகிறோம், அது சரிதான், இந்த மண்ணின் நோய்கள் அவை. ஆனால் வந்தவர் வளைகுடாவிலிருந்து என்றால் எப்போது வந்தார் என்று முதலில் கேளுங்கள். வந்து 14 நாளுக்குள் காய்ச்சலும் இருமலும் என்றால் கூட்டத்தில் உட்கார வைக்காமல் மாஸ்க் கொடுத்துத் தனியாக உட்கார வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். மாதக்கணக்கான காய்ச்சல், வியர்வை, இடுப்பு வலி, ஆண்களுக்கு விதை வீக்கம் என்றால் ப்ரூசெல்லா. ஆடு, ஒட்டகத்தோடு இருந்தவருக்குக் கல்லீரலில் நீர்க்கட்டி தெரிந்தால் நாய் வழியாக வரும் ஹைடாடிட் புழுவை நினைக்க வேண்டும், ஊசி போட்டு உறிஞ்சிப் பார்க்க அவசரப்படக் கூடாது.

ரத்தக் கல்ச்சர் அனுப்பும்போது படிவத்தில் 'சவுதியிலிருந்து வந்தவர், பச்சைப் பால் குடித்தவர், ப்ரூசெல்லா சந்தேகம்' என்று கட்டாயம் எழுதுங்கள். இது நோயாளிக்கு மட்டும் இல்லை, லேபில் இருப்பவருக்கும் சேர்த்துத்தான். அந்தக் கிருமி மெதுவாக வளரும், இரண்டு நாளில் ஊசிமுனை அளவுக்குத்தான் தெரியும், தானியங்கி மெஷின் சில சமயம் வேறு பெயரைச் சொல்லிவிடும். தெரியாமல் திறந்த மேஜையில் தட்டைத் திறந்து முகத்துக்கு அருகில் கொண்டு போய் மோந்து பார்த்தால் அந்த மூச்சிலேயே தொற்றும். நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த லேபில் என்னோடு இருந்த பையனுக்கு அப்படித்தான் வந்தது. அனுப்பியவர் படிவத்தில் 'காய்ச்சல்' என்ற ஒரு வார்த்தை மட்டும் எழுதியிருந்தார்.